உள்ளங்கையில் அடங்கிய முகங்கள்

மடலேறத் துணிந்த தலைவன், தலைவியின் உருவத்தைக் கிழியொன்றில் எழுதிக் கையிற் பிடித்துக்கொண்டு ஊர்த்தெருவிலே செல்வான் என்பது நம் அகப்பொருள் மரபு. இதனை வகுப்பிற் கற்பிக்கும்போதெல்லாம் மாணவர் நகைப்பர். பனைமடற் குதிரை அவர்களுக்கு வேடிக்கையாய் இருக்கும். கிழியைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. எனக்கோ அந்தக் கிழிதான் நெஞ்சை விட்டு அகலுவதில்லை. கண்முன் இல்லாத ஒருவரின் முகத்தைக் கையிலே வைத்திருக்க வேண்டும் என்னும் வேட்கை எத்துணைப் பழைமையானது!

மேனாட்டார் இவ்வேட்கையைத் தனியொரு கலையாகவே வளர்த்தனர். நிழற்படம் உலகறியத் தோன்றியது 1839 ஆம் ஆண்டில். அதற்கு முன்னர்க் கடல் கடந்து சென்ற கணவனும் காத்திருந்த மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் காண வழியாயிருந்தது இரண்டு மூன்று அங்குலமே கொண்ட சிற்றுருவ ஓவியம். அதனைப் பொற்சிமிழிற் பதித்துக் கழுத்திலே அணிவர். சிமிழின் பின்புறத்தில் அன்புக்குரியவரின் தலைமயிரைப் பின்னி வைப்பதும் உண்டு. அமெரிக்காவில் இக்கலைக்குப் பேர்போனவர் எட்வர்ட் கிரீன் மால்போன். 1777 இற் பிறந்து 1807 இல், முப்பது வயது நிரம்புமுன்னரே மறைந்தவர். அவரைப் பற்றி இன்னொருகால் எழுதலாம். நான் இன்று எழுதக் கருதியது, பத்தாண்டுக் காலம் நம் சென்னைப் பட்டினத்தில் இருந்து தூரிகை பிடித்த ஜோன் ஸ்மார்ட் என்பாரைப் பற்றியே.

ஏறத்தாழ 1741 இற் பிறந்த இவர், சிறுவராயிருந்தபோதே, 1755 இல், இலண்டனிற் கலைச் சங்கம் நடத்திய சித்திரப் போட்டியில் இரண்டாம் பரிசு பெற்றார். முதற்பரிசு பெற்றவர் றிச்சர்ட் கொஸ்வே. இவ்விருவரும் பின்னர் வாழ்நாள் முழுவதும் ஒரே தொழிலில் எதிரெதிரே நின்றனர். கொஸ்வே தம்முன் அமர்ந்தவரின் கண்ணைச் சற்றே பெரிதாக்குவார், கன்னத்தை மெருகேற்றுவார். அரசிளங்குமரர் அவரைக் கொண்டாடியதில் வியப்பில்லை. ஸ்மார்ட்டோ கண்ணோரத்துச் சுருக்கத்தையும், தளர்ந்த தாடையையும் விடாது எழுதுபவர். எல்லா முகத்திலும் உதட்டோரத்தை ஒரு சிறிது மேல்நோக்கி வளைத்துவிடும் வழக்கம் அவருக்கு உண்டு. அஃது ஒரு குறையே என்பேன். ஆயினும் முதியோர் முகங்களை அவர்போல் எழுதினார் சிலரே.

அவர் எழுதிய களம் யானைத் தந்தம். 1700 ஆம் ஆண்டளவில் வெனிஸ் நகரத்து ஓவியப் பெண்மணி றொசல்பா கரியேரா தொடங்கிவைத்த முறை அது. தந்தத்தை மெல்லிய ஏடாக அறுத்து, அதன் எண்ணெய்ப்பசையை நீக்கி, வெயிலில் வெளுக்க வைத்து, நுரைக்கல் தூளால் தேய்த்து எடுப்பர். தந்தம் காகிதம்போல் நீரை உறிஞ்சாது. வண்ணத்தைப் பரக்கப் பூசினால் வழுக்கி ஓடும். ஏற்கெனவே பூசியதையும் கரைத்துக்கொண்டு போகும். ஆகவே பிசின் கலந்த நீர்வண்ணத்தை ஊசிமுனைத் தூரிகையாற் புள்ளி புள்ளியாகவும் கீறு கீறாகவும் வைத்து, உலரவிட்டு, அதன்மேல் மறுபடியும் வைத்தல் வேண்டும். இத்துணைப் பாடும் எதற்கு எனின், மெல்லிய வண்ணத்தின் ஊடாகத் தந்தத்தின் ஒளி மேலெழுந்து, உயிருள்ள மேனியின் நிறம் தோன்றும், அதற்காகவே.

1785 இல் அவர் சென்னைக்கு வந்தார். அக்காலத்தில் அங்கே துறைமுகம் இல்லை. கப்பல் தொலைவில் நிற்க, கயிற்றால் தைத்த மசூலாப் படகில் அலையோடு போராடிக் கரையேற வேண்டும். அப்படிக் கரையேறியவர்க்கு ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலி வாலாஜாவின் ஆதரவு கிட்டியது. நவாபையும் அவர் மக்களையும், கும்பினி உத்தியோகத்தர் பலரையும் ஸ்மார்ட் எழுதினார். நவாபு அப்போது எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். அவர் கும்பினியார்க்குப் பட்ட கடனோ இலண்டன் பாராளுமன்றத்திலே பேசப்படும் அளவுக்கு வளர்ந்திருந்தது. எட்மண்ட் பேர்க் அதுபற்றிப் பேசியதும் அதே 1785 இல்தான். நாடு கைநழுவிக்கொண்டிருக்க, நவாபு முத்தும் மணியும் பூண்டு ஓவியர்முன் அமர்ந்தார். அவ்வமர்வை நான் பலகால் எண்ணிப் பார்த்ததுண்டு. அவர் இறந்தது 1795 இல். ஸ்மார்ட் தாயகம் திரும்பியதும் அவ்வாண்டிலேயே.

அவருடைய இன்னொரு வழக்கத்தை இங்கே சொல்லியாக வேண்டும். ஓவியத்தின் ஓரத்தில் தம் பெயரின் முதலெழுத்துகள் இரண்டையும் ஆண்டையும் சிறியதாகப் பொறிப்பார். இந்தியாவில் இருந்த காலத்தில் அவற்றின்கீழ் 'ஐ' என்னும் ஆங்கில எழுத்தொன்றையும் சேர்த்தார். இந்தியா என்பதன் முதலெழுத்து அது. நாடு திரும்பியபின் அதனை விட்டுவிட்டார். இந்த ஓரெழுத்தால், எங்கே இருந்து எழுதியது என்பது இரு நூற்றாண்டு கழிந்தும் ஐயமின்றித் தெரிகிறது. அமெரிக்காவின் கன்சாஸ் நகரத்து நெல்சன்-அட்கின்ஸ் கலைக்கூடத்தில், ஸ்டார் குடும்பத்தார் அளித்த தொகுதியில், ஆண்டு பொறித்த அவர் ஓவியங்கள் ஏறக்குறைய ஆண்டுக்கு ஒன்றாக வரிசைபெற்றுள்ளன.

நூலொன்றில் அவ்வோவியங்களை உள்ள அளவிலேயே அச்சிட்டிருந்தனர். அடிக்கோல் வைத்து அளந்து பார்த்தேன். உடனே என் நினைவு இரத்தினபுரித் தோட்டத்து லயத்துக் காம்பராவுக்குப் போய்விட்டது.

1964 ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி 525,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவாயிற்று. அவர்களுள் என் சின்னம்மா குடும்பமும் ஒன்று. அவர்கள் புறப்பட்டது 1979 இல். எனக்கு எட்டு வயது. றப்பர்ப் பால் வெட்டும் குடும்பத்தில் அதுவரை ஒருவரும் படம் எடுத்துக்கொண்டதில்லை. கடவுச்சீட்டுக்குப் படம் வேண்டுமென்றதால் எல்லோரும் பட்டணத்துக்கு நடந்து போனார்கள். எஞ்சிய பிரதியொன்றைச் சின்னம்மா என் அம்மாயியிடம் கொடுத்துவிட்டுத் தலைமன்னாரிற் கப்பலேறினார். அம்மாயி அதனைப் பழஞ்சேலைத் துண்டில் மடித்துத் தகரப்பெட்டியில் வைத்திருந்தார். தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் வெளியில் எடுப்பார். "பாருடா, கையிலேயே வச்சுக்கலாம் போல இருக்கா" என்பார். மூடினால் தெரியாதபடி அவர் உள்ளங்கை அதனை மறைத்துவிடும். கூடலூரிலிருந்து கடிதங்கள் வந்தன, சின்னம்மா வரவில்லை. அம்மாயி மகளைப் பின்னர் ஒருகாலும் காணவில்லை.

ஸ்மார்ட்டின் கதையிலும் இவ்வாறு ஒரு கடல் உண்டு. அவர் மகனும் ஜோன் ஸ்மார்ட் என்னும் பெயருடையவரே. தந்தையின் தொழிலையே கைக்கொண்டவர். அவர் 1808 இல் சென்னைக்குச் சென்றார். அடுத்த ஆண்டே அங்கு இறந்தார். ஆயிரம் பேரின் முகங்களைப் பிரிந்தோர் கையில் வைக்கக் கொடுத்த முதியவர், மகனுடைய முகத்தை இனிக் காண்பதற்கில்லை. தாமும் 1811 மே மாதத்தில் இலண்டனிற் காலமானார்.

அம்மாயியின் படம் இப்போது என்னிடம் இருக்கிறது. மழைக்கால ஈரம் இரண்டு ஓரங்களைத் தின்றுவிட்டது. சின்னையாவையும் மூத்த பிள்ளையையும் அடையாளம் காணலாம். சின்னம்மாவின் முகத்தில் நெற்றியும் ஒரு கண்ணுமே எஞ்சியுள்ளன. பின்புறம் வெறுமையாய் இருக்கிறது. வீட்டிலுள்ள பழம்படங்களின் பின்னே ஆண்டையும் ஊரையும் பென்சிலால் எழுதி வருமாறு சென்ற தவணையில் என் மாணவரிடம் சொன்னேன். பதினொருவர் எழுதி வந்தனர். ஒரு சிறுமி மட்டும் படமில்லாமல் வந்து, தங்கள் வீட்டில் அப்படி ஒன்றும் இல்லை என்றாள்.