மேற்காது குத்துதல்



சென்ற ஆண்டு இரண்டாந் தவணையிலே, பதினோராந் தரத்து மாணவி ஒருத்தி தன் இரட்டைப் பின்னலை வழக்கத்துக்கு மாறாகச் செவிகளை மூடுமாறு தளரப் பின்னிக்கொண்டு வரத் தொடங்கினாள். மூன்றாம் நாள் வகுப்பில் மேசைமீது தலைசாய்த்துக் கிடந்தாள். காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்த ஆசிரியை, கூந்தலை விலக்கியதும் திடுக்கிட்டு அவளை என் அறைக்கு அழைத்து வந்தார். வலச் செவியின் மேல்விளிம்பிலே ஒரு சிறு கல்லுத்தோடு. அதைச் சுற்றிய பகுதி முழுவதும் சிவந்து வீங்கி, செவியின் மடிப்புகளே தெரியாது போயிருந்தன. கீழ்ச் சோணை மாத்திரம் எப்பொழுதும் போலவே இருந்தது.

பத்து நாட்களுக்கு முன்னர், தோழி ஒருத்தியுடன் சென்று கடையொன்றிலே குத்திக்கொண்டாளாம். நோவு தொடங்கி மூன்று நாட்களாகியும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "ஏசுவீர்கள் என்று பயந்தேன், ரீச்சர்" என்றாள். ஒரு சோடித் தோட்டுக்கு மேல் நகை அணியலாகாது என்ற விதியைக் கண்டிப்பாக நடத்தி வந்தவள் நானே. அந்தக் கண்டிப்பு இந்தப் பிள்ளையின் காதுக்கு மூன்று நாட்களை இழக்கச் செய்துவிட்டது. அம்மூன்று நாட்கள் எத்துணை பெறுமதி வாய்ந்தவை என்பதை வைத்தியர் விளக்கியபோதுதான் நானும் அறிந்தேன். அவர் சொன்னவற்றையும், பின்னர் நான் தேடிப் படித்தவற்றையும் இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

காது ஒன்றாயினும் அதன் கீழ்ப்பகுதியும் மேற்பகுதியும் வேறு வேறு பொருளால் ஆனவை. கீழ்ச் சோணை தோலும் கொழுப்புமாக, இரத்தவோட்டம் நிறைந்த தசைத் தொங்கல். அங்கே காயம் பட்டால் இரத்தம் தானே வந்து ஆற்றிவிடும். மேற்காதுக்கு விறைப்பைக் கொடுப்பதோ குருத்தெலும்பு. நமது பாடநூல்கள் கசியிழையம் என்று சொல்வது இதனைத்தான். இதற்கெனச் சொந்தமாக இரத்தக் குழாய்கள் இல்லை. இதனைப் போர்த்திருக்கும் மெல்லிய உறையிலிருந்தே உணவும் ஒட்சிசனும் ஊறிச் செல்கின்றன. கிணற்றில்லாத வீடு அயல்வீட்டுத் தண்ணீரை நம்பி வாழ்வது போன்றது இதன் வாழ்வு. உறைக்கும் குருத்தெலும்புக்கும் இடையிலே சீழ் கட்டிவிட்டால் அந்தத் தொடர்பு அறுந்துபோகும். அவ்வாறு அறுந்த பகுதி சில நாட்களிலேயே இறந்துவிடும். இறந்தது மீண்டும் முளைக்காது. செவி சுருங்கி, கோவாப்பூப் போல உருக்குலைந்து நிற்பது அதன் பின்னர்தான்.

இதனைக் கேட்டதும், "எல்லாம் மேனாட்டு நாகரிகத்தால் வந்த வினை" என்று சிலர் சொல்லக்கூடும். அஃது உண்மையன்று. தமிழகத்தின் தென்மாவட்டங்களிலே நம் பாட்டிமார் கொப்பு, முருகு முதலிய அணிகளை மேற்காதிலேதான் அணிந்தனர். பாம்படமும் தண்டட்டியும் கீழ்க்காதைத் தோள்வரை தொங்கவைத்த அதே காலத்தில், மேற்காதும் வெறுமையாக இருக்கவில்லை. அதற்கும் நெடுங்காலத்துக்கு முன்னரே, சுசுருத சங்கிதை தன் சூத்திரத்தானத்தின் 16 ஆம் அத்தியாயத்தைக் காது குத்துதலுடன் தொடங்குகிறது. குழந்தையின் ஆறாம் அல்லது ஏழாம் மாதத்தில், செவியை இழுத்து வெயிலிற் பிடித்து, ஒளி ஊடுருவும் இடத்தைக் கண்டு குத்துமாறும், ஆணுக்கு வலச்செவியையும் பெண்ணுக்கு இடச்செவியையும் முதலிற் குத்துமாறும் அது விதிக்கிறது. தவறான இடத்திற் குத்தினால் காய்ச்சல், எரிவு, வீக்கம், கழுத்துப் பிடிப்பு முதலியன வரும் என்ற எச்சரிக்கையும் அங்கே உண்டு. வெயிலிற் பிடித்துப் பார்ப்பதென்பது எத்துணை நுட்பமான யோசனை! இரத்தக் குழாயைத் தவிர்க்க இன்றும் சிலர் சிறு மின்சூளால் அதனையே செய்கின்றனர்.

கொட்டாஞ்சேனையிலிருந்து நடந்து போகுந் தூரத்திலே செட்டியார் தெரு இருக்கிறது. பொற்கொல்லர் மடியில் என்னை இருத்திக் காது குத்திய நாள் மங்கலாக நினைவிருக்கிறது. ஓட்டை தூர்ந்துபோகாதபடி வேப்பங்குச்சியை ஒடித்துச் செருகி, தேங்காயெண்ணெய் தடவினார்கள். சோணையாகையால் எல்லாம் பொறுத்துக்கொண்டது. அந்த அனுபவத்தைக் கொண்டு மேற்காதையும் எடைபோடுவதுதான் நம் வீடுகளில் நிகழும் பெரும் பிழை. பத்தியக்காரப் பாட்டி கூட இங்கே பிழைவிடுவாள்.

வெள்ளவத்தையிலே காலி வீதி நெடுகிலும் இன்று இளைஞர் நாடுவது பெரும்பாலும் துப்பாக்கி போன்ற கருவியை. தோட்டின் மழுங்கிய முனையையே விசையினால் உட்செலுத்துவது அது. சோணைக்கு அது போதுமாயிருக்கலாம். மேற்காதிலோ குருத்தெலும்பு நசுங்கக்கூடும் என்பது இத்தொழிலில் தேர்ந்தோர் பலரது கருத்து. அதைவிட முக்கியமான குறை, பிளாத்திக்கு உடலுடைய இக்கருவியை அமுக்க நீராவியில் அவித்துக் கிருமிநீக்கம் செய்ய இயலாது என்பதே. ஸ்பிரிட்டால் துடைப்பது அதற்கு ஈடாகாது. ஒருமுறை மாத்திரம் பாவித்து எறியும், உறை பிரிக்கப்படாத துளையுள்ள ஊசியே மேற்காதுக்குத் தக்கது. குத்துபவர் கைகழுவிப் புதுக் கையுறை அணிகிறாரா, ஊசியை உங்கள் கண்முன் உறையிலிருந்து எடுக்கிறாரா என்று பாருங்கள். கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள். அணியும் உலோகம் டைட்டேனியமாகவோ நல்ல பொன்னாகவோ இருக்கட்டும்; மலிந்த தோடுகளில் உள்ள நிக்கல் பலருக்கு ஒவ்வாது. தண்டு சற்று நீண்டிருக்க வேண்டும். வீங்கும் காதை இறுக்கிப் பிடிக்கும் குறுந்தண்டு, வீக்கத்தின்மேல் வீக்கத்தை வளர்க்கும்.

குத்துபவரின் கருவி மாத்திரமன்றி, அவர் தெளிக்கும் மருந்தும் நஞ்சாகலாம் என்பதற்கு ஒரு சான்று உண்டு. 2000 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்திலே, ஒரே நகைக்கடையிற் காது குத்திய பலருக்குத் தொற்று ஏற்பட்டது. ஆய்வினால் உறுதிசெய்யப்பட்ட எழுவருக்கும் குத்தப்பட்டது மேற்காதே. சூடோமோனாசு என்னும் பற்றீரியாவே காரணம். அது எங்கிருந்து வந்தது தெரியுமா? கிருமிகொல்லி நீர் நிரப்பிய தெளிப்புப் போத்தலிலிருந்து! ஈரமுள்ள இடமெல்லாம் இக்கிருமிக்கு வீடு. சாதாரண தோற்புண்களுக்குக் கொடுக்கும் பல நுண்ணுயிர்கொல்லி மருந்துகள் இதனை ஒன்றுஞ் செய்யா. அந்நோயாளரிற் பெரும்பாலோருக்கும் முதலிற் கொடுத்த மருந்துகள் பயனளிக்கவில்லை. ஆதலால், பாமசியிலே வீட்டில் மிஞ்சிய குளிசையின் பெயரைச் சொல்லி வாங்கி விழுங்குவது காலத்தை வீணாக்குவதாகும்.

இனி, பராமரிப்பைப் பற்றிச் சொல்கிறேன். சோணை ஆறுவதற்கு ஆறு தொடக்கம் எட்டு வாரம் போதும். மேற்காதுக்கு மூன்று மாதம் முதல் ஓராண்டு வரை செல்லலாம். வெளித்தோல் ஆறிவிட்டது போலத் தோன்றினும் உள்ளே பச்சைப் புண் இருக்கும். நாளுக்கு இருமுறை, கைகழுவியபின், கிருமிநீக்கிய உப்புநீரால் நனைத்து, படிந்த பொருக்கு இளகியதும் மெல்லத் துடைத்தால் போதும். ஒரு லீற்றர் நீருக்கு 9 கிராம் உப்பு என்பது அதன் அளவு. வீட்டிற் கலக்கும்போது உப்பு மிகைப்பட்டுப் புண்ணை எரிக்கிறது. ஆகையால் பாமசியில் விற்பதை வாங்குவதே நலம். ஸ்பிரிட்டும் ஐதரசன் பேரொட்சைட்டும் புதிதாக வளரும் தோலையும் சேர்த்து அழிக்கின்றன. மஞ்சள், எண்ணெய், வேப்பங்குச்சி ஆகியவற்றைப் பற்றிப் பெரியோர் என்மீது கோபிக்க வேண்டாம்; மேற்காதிலே அவை வேண்டாம். ஒட்டிப்போகும் என்றஞ்சித் தோட்டைத் திருகுவதும் வேண்டாம். திருகுந்தோறும் ஆறிவரும் உட்தோல் கிழிகிறது.

அந்தப் பக்கம் சரிந்து படுக்கலாகாது. தலையணை உறையை அடிக்கடி மாற்றுங்கள். மோட்டார்ச் சைக்கிளிற் செல்பவர் தலைக்கவசத்தைக் கழற்றும்போது கவனிக்க வேண்டும். துவாயின் நூல் தோட்டிற் கொளுவி இழுபடுவதும் உண்டு. வெள்ளவத்தைக் கடலிற் குளிப்பதை ஆறும் வரை ஒத்திவையுங்கள். நீச்சற் குளத்தையும் அப்படியே. கொழும்பின் வெக்கையில் வியர்வையும் ஈரமும் காதோரத்திலேயே தங்கிவிடும், ஆதலால் குளித்தபின் அப்பகுதியை உலரவிடுவது அவசியம்.

முதற் சில நாட்களிற் சிறிது சிவப்பும், நோவும், வெளிர்நிற நீர் கசிந்து பொருக்காவதும் இயல்பே. அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் நோவு குறைவதற்குப் பதிலாகக் கூடினால், துடித்தால், மேற்காது முழுவதும் சுட்டுச் சிவந்து சோணை மாத்திரம் இயல்பாக இருந்தால், அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். சோணையிற் குருத்தெலும்பு இல்லாமையால் அது தப்பிக்கிறது. குருத்தெலும்பின் உறையே அழற்சியுற்றிருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். தோட்டை நீங்களாகக் கழற்றிவிடாதீர்கள். வாய் மூடிக்கொள்ளச் சீழ் உள்ளே அடைபடலாம். கழற்றுவதா வேண்டாமா என்பதை வைத்தியர் தீர்மானிக்கட்டும்.

அந்த மாணவிக்குச் சத்திரசிகிச்சை செய்து சீழை அகற்றி, தோல் மீண்டும் குருத்தெலும்பிற் படியுமாறு அழுத்திக் கட்டினார்கள். ஐந்து நாள் வைத்தியசாலையில் இருந்தாள். செவியின் வடிவம் தப்பிற்று. மேல்விளிம்பிலே ஒரு பயறளவு பள்ளம் எஞ்சியது. அவள் திரும்பி வந்த வாரத்திலே காலைக்கூட்டத்தில் ஓர் அறிவித்தல் கொடுத்தேன். நகை பற்றிய விதி விதியாகவே இருக்கும். ஆனால், காதில் நோவுள்ளவர் வகுப்பாசிரியரிடம் வந்து சொன்னால் எவ்வித விசாரணையும் இராது என்றேன். மறுநாள் இடைவேளைக்குள் இருவர் வந்தனர். ஒருத்திக்கு வெறும் பொருக்கு. மற்றவளைப் பிற்பகலுக்குள் அவளுடைய தாயாருடன் வைத்தியரிடம் அனுப்பிவைத்தோம்.