கணினி யாருக்காகக் காத்திருக்கிறது?

திருவனந்தபுரத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் கேரளப் பள்ளிகளில் பயில்கின்றனர். அப்பள்ளிகளின் கணினிக் கல்விக்கு அடிப்படையாக அமைந்திருப்பது லினக்ஸ் என்னும் கட்டற்ற இயங்குதளம். அதற்கான பணிகளை ஆற்றிவரும் 'கைட்' நிறுவனம் இந்நகரின் பூஜப்புரையிலிருந்து இயங்குகிறது, உபுண்டு 18.04-ஐத் தழுவிய பதிப்பொன்றை அது 2019-ஆம் ஆண்டில் வெளியிட்டது. பள்ளியில் பழகியதையே இல்லத்திலும் நிறுவிக்கொள்வோர் உண்டு.

இத்தகைய கணினி சிற்சில வேளைகளில், விசையை அழுத்திய பின்னரும் ஒன்றரை நிமிடம் அசையாது நிற்கும். இயந்திரம் முதுமை எய்திவிட்டது என்று நாம் எண்ணிவிடுகிறோம். வேற்று மாநிலத்தில் உழைத்துச் சேர்த்த பொருளைப் புதுக்கணினிக்குச் செலவிடுமுன், தாமதத்தின் காரணத்தை ஆராய்தல் நன்று.

கணினி தொடங்குகையில் வட்டுகளை இணைப்பதும், சேவைகளை எழுப்புவதும் 'சிஸ்டம்டி' என்னும் நிருவாக நிரலின் பொறுப்பு. எந்த வட்டினை எங்கே இணைப்பது என்பது 'எஃப்எஸ்டேப்' என்ற கோப்பில் எழுதப்பட்டிருக்கும். அதில் குறித்துள்ள வட்டு கழற்றப்பட்டிருந்தாலும், மறுவடிவாக்கத்தால் அதன் அடையாள எண் மாறியிருந்தாலும், சிஸ்டம்டி வழக்கமாக 90 விநாடி காத்திருக்கும். காணாமற்போனது இடமாற்று நினைவகப் பகுதியாயின், பின்னர் மேலே செல்லும். இன்றியமையாததெனக் குறித்த வட்டாயின் அவசர நிலையில் நின்றுவிடும். ஊர் மாறி வந்த நம் கணினி, பழைய ஊரின் வலைச் சேமிப்பகத்தை இன்னும் தேடிக்கொண்டிருத்தலும் கூடும்.

காத்திருப்பது எதற்காக என்பதைக் கணினியிடமே வினவலாம். 'சிஸ்டம்டி-அனலைஸ் பிளேம்' என்ற கட்டளையை ஆங்கில எழுத்துகளில் தட்டச்சிட்டால், ஒவ்வொரு சேவையும் கொண்ட நேரம் தெரியவரும். ஆயினும் வாராத வட்டுக்காகக் காத்திருந்த நேரம் அப்பட்டியலில் இடம்பெறாது. 'ஜர்னல்சிடிஎல் -பி' காட்டும் குறிப்பேட்டில், 'டைம்டு அவுட்' என்னும் சொற்களுள்ள வரிகளைத் தேடுதல் வேண்டும்.

காரணம் அறிந்தபின் திருத்தம் எளிது. முதற்கண் எஃப்எஸ்டேப் கோப்பைப் படியெடுத்து வைத்துக்கொள்ளுதல் அவசியம். வட்டின் உண்மையான அடையாள எண்ணை 'பிஎல்கேஐடி' என்ற கட்டளை கூறும். அதைக்கொண்டு தவறான எண்ணைத் திருத்தலாம். இனி இல்லவேயில்லாத வட்டின் வரியை நீக்கிவிடலாம். அவ்வப்போது மட்டும் பொருத்தும் வட்டாயின் 'நோஃபெயில்' என்ற சொல்லைச் சேர்த்தால் போதும். கணினி அதற்காக நில்லாது. பயன்படாத சேவைகளை 'சிஸ்டம்சிடிஎல் டிசேபிள்' கட்டளையால் விலக்கலாம்.

காத்திருக்கும் நேரத்தை மட்டும் குறைத்துவிடுதல் முறையன்று. மெதுவாக விழிக்கும் நல்ல வட்டும் அதனால் விடுபட்டுப் போகலாம். மூல வட்டின் வரியைத் தொடாதிருத்தலும் நலம்.

பள்ளியில் லினக்ஸ் பயிலும் பிள்ளையை அருகில் அமர்த்திக்கொண்டு இப்பணியைச் செய்து பார்க்கலாம். கைவிட எண்ணிய கணினி, அப்பிள்ளையின் பாடங்களுக்கு இன்னும் சில ஆண்டுகள் உதவக்கூடும்.