விசிறிக்கு வலுவும் கட்டளையும்

மேசைக் கணிப்பொறியின் விசிறியை மாற்ற விழைவோர் காற்றின் அளவையும் ஓசையின் அளவையும் பார்த்து வாங்குகின்றனர். அவ்விரண்டும் வேண்டியவையே. ஆயினும், புதிய விசிறி எங்கிருந்து மின்னாற்றல் பெறும், யார் கட்டளைக்கு அடங்கிச் சுழலும் என்னும் இரு வினாக்களுக்கும் விடை கண்ட பின்னரே அதைப் பொருத்துதல் முறை. சிறு விசிறிக்கென அமைந்த இணைப்பில் பன்மடங்கு மின்னோட்டம் இழுக்கும் விசிறியைச் செருகினால், விசிறிக்கு ஒன்றும் நேராது. கேடு தாய்ப்பலகையைச் சேரும்.

இவ்விசிறிகளுள் இருப்பது தூரிகையற்ற மின்னோடி. இதழ்களைத் தாங்கும் குமிழின் உட்சுவரில் வளையக் காந்தம் சுழல்கிறது. நடுவே செப்புச் சுருள்கள் அசையாது நிற்கின்றன. எதிரே வருவது வடமுனையா தென்முனையா என்பதை ஹால் உணரி கண்டு சொல்ல, சிறு சில்லு ஒன்று சுருள்களில் பாயும் மின்னோட்டத்தை உரிய நேரத்தில் மாற்றிவிடுகிறது. அந்த உணரியே வேகத்தையும் அறிவிக்கிறது. ஒரு சுற்றுக்கு இரு துடிப்புகள் வெளிவரும். நிமிடத்திற்கு 1,200 சுற்று சுழலும் விசிறி நொடிக்கு 40 துடிப்புகளைத் தாய்ப்பலகைக்கு அனுப்பும்.

நான்கு கம்பி விசிறியின் செருகியைக் கையில் எடுத்துப் பாருங்கள். முதற்கம்பி நிலமுனை, இரண்டாவது 12 வோல்ட், மூன்றாவது வேகத்தை அறிவிப்பது, நான்காவது வேகத்தை ஆள்வது. இன்டெல் நிறுவனத்தின் வரையறைப்படி இவற்றின் நிறங்கள் முறையே கருப்பு, மஞ்சள், பச்சை, நீலம். இன்றைய விசிறிகள் பலவற்றில் நான்கும் கருப்பாகவே வருவதால், நிறத்தை நம்பாமல் வரிசையை நம்புவதே நன்று. மூன்று கம்பி விசிறியில் நான்காவது கம்பி இல்லை. அதன் வேகத்தைக் குறைக்க 12 வோல்ட்டையே குறைத்தாக வேண்டும். அவ்வாறு குறைக்கும்போது விசிறியின் சில்லுக்கும் சேர்த்தே அழுத்தம் குறைகிறது. 5 வோல்ட்டில் அமைதியாக ஓடிக்கொண்டிருக்கும் விசிறி, நின்றபின் அதே 5 வோல்ட்டில் மீண்டும் கிளம்ப மறுப்பது இதனாற்றான். ஓடுவதற்குப் போதுமான அழுத்தம் கிளம்புவதற்குப் போதுவதில்லை.

நான்காவது கம்பியின் அமைப்பு வியப்புக்குரியது. அதன் வழியே ஆற்றல் செல்வதில்லை. கட்டளை மட்டுமே செல்கிறது. நொடிக்கு 25,000 முறை திறந்து மூடும் துடிப்பு அது. ஒவ்வொரு துடிப்பிலும் திறந்திருக்கும் நேரத்தின் பங்கே விசிறியின் வேகத்தை முடிவுசெய்கிறது. மனிதச் செவி கேட்கும் எல்லை ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ். அதற்கு மேலே துடிப்பை வைத்ததால் சுருள்களின் ரீங்காரம் நமக்குக் கேட்பதில்லை. இக்கம்பியில் ஓடுவது 5 மில்லி ஆம்பியருக்கு மேற்படாத மின்னோட்டம். கம்பி அறுந்தாலோ, செருகப்படாது விடப்பட்டாலோ விசிறி நின்றுவிடாது. முழு வேகத்தில் சுழலும். கட்டளை வராவிட்டால் காத்தலே கடமை என்று வகுத்த பொறியாளரின் முன்னறிவைப் போற்றாமல் இருக்க இயலவில்லை.

இனி வலுவைப் பார்ப்போம். தாய்ப்பலகையின் விசிறி இணைப்புகளுள் பெரும்பாலானவை ஓர் ஆம்பியர், அதாவது 12 வாட், தரவல்லவை. நீரேற்றிக்கென ஒதுக்கிய இணைப்புகள் சில இரண்டு, மூன்று ஆம்பியர் வரை தாங்கும். நாக்டுவா நிறுவனத்தின் என்எஃப்-ஏ12x25 போன்ற நல்ல 120 மில்லிமீட்டர் விசிறி இழுப்பது 0.14 ஆம்பியரே, அத்தகைய மூன்றை ஒரே இணைப்பில் பிரித்துப் பூட்டினாலும் இடரில்லை. வழங்கிக் கணிப்பொறிகளுக்கெனச் செய்யப்படும் 38 மில்லிமீட்டர் தடிமனுள்ள விசிறிகளின் கதை வேறு. அவற்றுள் ஒன்றே ஒன்றரை ஆம்பியரைத் தாண்டக்கூடும். கிளம்பும் நொடியில் அதனினும் மிகுதியாக இழுக்கும்.

அங்கேதான் வலுவையும் கட்டளையையும் பிரித்தல் வேண்டும். 12 வோல்ட்டை மின்வழங்கியிலிருந்து நேராக எடுத்து, வேகக் கட்டளையை மட்டும் தாய்ப்பலகையிலிருந்து பெறும் பகிர்பலகைகள் கடைகளில் கிடைக்கின்றன. சாட்டா மின்செருகி 12 வோல்ட்டுக்கென மூன்று முனைகளைக் கொண்டது. முனைக்கு ஒன்றரை ஆம்பியராக மொத்தம் நான்கரை ஆம்பியர், 54 வாட். வீட்டுக் கணிப்பொறிக்கு இது தாராளம். இப்பலகையில் எத்தனை விசிறிகள் இருப்பினும் ஒன்றன் வேகம் மட்டுமே தாய்ப்பலகைக்குத் திரும்பும். பல விசிறிகளின் துடிப்புகள் ஒரே கம்பியில் கலந்தால் கணக்கு பிழைபடும். ஆதலால் ஏனையவற்றுள் ஒன்று நின்றாலும் கணிப்பொறி அறியாது. செயலியின் விசிறியை ஒருபோதும் கூட்டத்தில் சேர்க்காமல், அதற்குரிய இணைப்பிலேயே தனித்து வைத்தல் கட்டாயம் என்பேன்.

பழைய உத்தி ஒன்று இன்றும் வழங்குகிறது. அதை நான் ஏற்பதில்லை. மின்வழங்கியின் நான்கு முனைச் செருகியில் மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட். விசிறியை நிலமுனையில் இணைக்காது இவ்விரண்டுக்கும் இடையே பூட்டினால் 7 வோல்ட் கிடைக்கும். விசிறியும் அமைதியாகச் சுழலும். ஆனால் விசிறியைக் கடந்த மின்னோட்டம் 5 வோல்ட் தடத்தினுள் புகுகிறது. மின்வழங்கி கொடுக்கப் பிறந்தது, வாங்கப் பிறந்ததன்று. அத்தடத்தில் வேறு கருவிகள் போதிய மின்னோட்டத்தை உண்ணாவிடில் அழுத்தம் 5 வோல்ட்டைத் தாண்டி ஏறும். விசிறியுள் குறுக்குச்சுற்று நேர்ந்தாலோ, 12 வோல்ட் முழுவதும் வன்தட்டின் வாயிலை எட்டும்.

பெரிய விசிறியை மெல்லச் சுழற்றுவதில் உள்ள ஆதாயம் இயற்கை விதியிலேயே இருக்கிறது. காற்றின் அளவு சுழல்வேகத்தோடு நேராக மாறும். அழுத்தம் அதன் இருமடியாகவும், வேண்டும் ஆற்றல் மும்மடியாகவும் மாறும். வேகத்தைப் பாதியாக்கினால் காற்று பாதியாகும். காற்றைத் தள்ளும் ஆற்றலோ எட்டில் ஒன்றாகும். ஓசை ஏறத்தாழ 15 டெசிபெல் இறங்கும். வலிய விசிறியை வாங்குவது முழு வேகத்தில் அலறவிடுவதற்கன்று.

மெல்லச் சுழற்ற, வெப்பத்திற்கேற்ற வேகக்கோடு வேண்டும். செயலியின் வெப்பநிலை ஒரு நொடியில் 20 பாகை தாவும். அதன்மேல் அமர்ந்த உலோகத் தகடுகள் சூடேறவோ நிமிடக்கணக்கில் ஆகலாம். தாவலை எல்லாம் விசிறி துரத்தினால் ஓயாமல் ஏறி இறங்கும் ஓசையே மிஞ்சும். பயோஸ் அமைப்பில் ஏற்றத்திற்கும் இறக்கத்திற்கும் சில நொடித் தாமதம் கொடுத்தால் அது அடங்கும். லினக்ஸில் ஃபேன்கன்ட்ரோல் நிரல் 0 முதல் 255 வரையிலான எண்ணால் விசிறியின் வேகத்தை ஆள்கிறது. குளிர்ந்த அறையில் அளந்து பிறர் வெளியிட்ட வேகக்கோட்டை 36 பாகையில் தகிக்கும் நம் கோடை அறைக்கு அப்படியே எடுத்தாளலாகாது. அறை ஏறும் அளவுக்குச் செயலியின் வெப்பமும் ஏறும். கோட்டை அதற்கேற்ப வலப்புறம் நகர்த்துங்கள்.

புதிய விசிறியைச் செருகுமுன், அதன் குமிழ்மேல் ஒட்டிய சீட்டில் அச்சிட்டுள்ள ஆம்பியர் எண்ணையும், தாய்ப்பலகைக் கையேட்டில் அந்த இணைப்புக்குக் குறித்துள்ள எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள். முதல் எண் இரண்டாவதை நெருங்கினாலே வலுவை மின்வழங்கியிலிருந்து எடுங்கள்.