புதுச்சேரியில் வியட்நாமிய உணவு

புதுச்சேரியில் வியட்நாமிய உணவு என்பது, பிரெஞ்சு இந்தோசீனாவில் பணியாற்றிய தமிழ்க் குடும்பங்களின் வழியாகப் புதுச்சேரிக்கு வந்து, வீடுகளிலும் சிறு உணவகங்களிலும் நிலைபெற்ற சமையல் மரபு ஆகும். நெம் எனப்படும் பொரித்த சுருள் இம்மரபில் பெரிதும் அறியப்பட்டது. இந்தியப் பெருநகரங்களில் அண்மைக் காலத்தில் தோன்றிய அயல்நாட்டு உணவகங்கள் வணிக நோக்கில் அமைந்தவை. புதுச்சேரியின் வியட்நாமிய உணவோ திருமண உறவினாலும் குடிபெயர்வினாலும் வந்தது. ஆகவே இது உணவு வரலாறு மட்டுமன்றி, குடியேற்றவாதக் காலத் தமிழர் வரலாற்றின் ஒரு பகுதியும் ஆகும்.

வரலாறு

செஞ்சியும் புதுச்சேரியும்

இவ்வுணவு மரபு புதுச்சேரியில் காணப்படுவதற்கும், ஏறத்தாழ 70 கி.மீ. தொலைவிலுள்ள செஞ்சியிலும் அதனை அடுத்த வல்லம் முதலிய ஊர்களிலும் காணப்படாமைக்கும் காரணம் 18ஆம் நூற்றாண்டின் போர்களில் உள்ளது. 1750இல் புசி தலைமையிலான பிரெஞ்சுப் படை செஞ்சிக் கோட்டையைக் கைப்பற்றியது. 1761இல் புதுச்சேரியும் செஞ்சியும் ஆங்கிலேயரிடம் வீழ்ந்தன. 1763ஆம் ஆண்டுப் பாரிசு உடன்படிக்கை, 1749இன் தொடக்கத்தில் பிரெஞ்சுக்காரர் வசம் இருந்த வணிகத் தலங்களை மட்டுமே அவர்களுக்குத் திருப்பி அளித்தது. எனவே புதுச்சேரி மீண்டும் பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்டது. 1750இல் கைப்பற்றப்பட்ட செஞ்சி ஆங்கிலேயரிடமே தங்கிவிட்டது. பின்னாளில் பிரெஞ்சுக் குடியுரிமையும் அதன் வழியாகக் கடல்கடந்த அரசுப் பணியும் புதுச்சேரி, காரைக்கால் மக்களுக்குக் கிட்டின. செஞ்சிப் பகுதி மக்களோ பிரித்தானிய இந்தியாவின் குடிகளாயினர்.

சைகோனில் தமிழர்

பிரான்சு 1859இல் சைகோன் நகரைக் கைப்பற்றியது. 1862ஆம் ஆண்டு உடன்படிக்கையினால் கொச்சின்சீனாவின் மூன்று மாகாணங்கள் அதற்குக் கிடைத்தன. எஞ்சிய மூன்று மாகாணங்கள் 1867இல் கைப்பற்றப்பட்டன. 1887இல் பிரெஞ்சு இந்தோசீன ஒன்றியம் உருவாக்கப்பட்டது.

1881 செப்டம்பர் 21 அன்று வெளியான ஆணை, பிரெஞ்சு இந்தியர்கள் தமது மரபுவழிச் சட்ட நிலையைத் துறந்து பிரெஞ்சுக் குடியியல் சட்டத்தை ஏற்க வழிசெய்தது. இவ்வாறு துறந்தோர் பிரெஞ்சு மொழியில் 'ரெனோன்சான்' எனப்பட்டனர். இவர்கள் குடும்பப் பெயர் ஒன்றையும் ஏற்க வேண்டியிருந்தது. இவர்களுள் பலர் சைகோனிலும் அதன் சுற்றுப்புறத்திலும் காவலர், எழுத்தர், வரி வசூலிப்போர், சிறைக் காவலர், கலங்கரை விளக்கப் பணியாளர் எனப் பணியாற்றினர். பின்னர் படைவீரர்களாகவும் பலர் சென்றனர்.

இவர்களைத் தவிர, பிரித்தானிய இந்தியாவைச் சேர்ந்த நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் அங்கு வட்டித்தொழில் நடத்தினர். தமிழ் முசுலிம் வணிகர்கள் துணிக்கடைகள் வைத்திருந்தனர். தமிழர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயிலும் தண்டாயுதபாணி கோயிலும் இன்றைய ஹோ சி மின் நகரத்தில் உள்ளன.

உள்ளூர் மக்களின் பார்வையில் தமிழர் ஆள்வோரின் பணியாளராகவும் கடன் கொடுப்போராகவும் இருந்தனர். 1930களின் பொருளாதார மந்தநிலையின்போது, கடனுக்கு ஈடான நிலங்கள் கைமாறியதால் கசப்பும் மிகுந்தது. எனினும் தமிழ் ஆண்களுக்கும் வியட்நாமியப் பெண்களுக்கும் இடையே திருமணங்கள் நிகழ்ந்தன. இக்குடும்பங்களே பின்னர் புதுச்சேரிக்கு இவ்வுணவைக் கொண்டுவந்தன.

திரும்பி வருதல்

1954ஆம் ஆண்டு இரு நிலங்களுக்கும் திருப்புமுனையாக அமைந்தது. அவ்வாண்டு மே மாதத்தில் தியன் பியன் பூவில் பிரெஞ்சுப் படை தோல்வியுற்றது. நவம்பர் 1 அன்று புதுச்சேரியின் நிருவாகம் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகத்து 16 அன்று நடைமுறைக்கு வந்தது. இக்காலத்தில் இந்தோசீனாவிலிருந்த குடும்பங்களுள் சில பிரான்சுக்கும் சில புதுச்சேரிக்கும் சென்றன. 1975இல் சைகோன் வீழ்ந்தபோது எஞ்சியிருந்தோரிலும் பலர் வெளியேறினர்.

புதுச்சேரிக்கு வந்த வியட்நாமியப் பெண்கள் புதிய மொழியையும் புதிய உறவு முறைகளையும் எதிர்கொண்டனர். தாய்நாட்டிலிருந்து அவர்கள் கொண்டுவந்தவற்றுள் அன்றாடம் பயன்படக்கூடியதாக இருந்தது சமையலே ஆகும்.

உணவு வகைகள்

நெம்

அரிசித் தாளில் பூரணம் வைத்துச் சுருட்டி எண்ணெயில் பொரிப்பது நெம் ஆகும். வட வியட்நாமில் இது நெம் எனவும் தெற்கில் 'சா யோ' எனவும் வழங்கும். நீர்த்த அரிசி மாவைக் கொதிநீரின்மேல் கட்டிய துணியில் மெல்லியதாகப் பரப்பி, ஆவியில் வேகவைத்து, மூங்கில் தட்டிகளில் வெயிலில் உலர்த்தி அரிசித் தாள் செய்யப்படுகிறது. செய்முறையில் இது தமிழகத்தின் இலை வடாத்தை ஒத்தது. பன்றி இறைச்சி, இறால் அல்லது கோழி, பச்சைப்பயற்று மாவில் செய்த கண்ணாடிச் சேமியா, காளான், காரட், வெங்காயம் ஆகியவை பூரணத்தில் சேரும்.

ஃபோ

ஃபோ என்பது எலும்புச் சாற்றில் தட்டையான அரிசி நூடுல்சும் இறைச்சித் துண்டுகளும் இட்டு வழங்கும் உணவாகும். இது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட வியட்நாமில் பரவலாயிற்று. 1954இல் நாடு பிரிக்கப்பட்டபின் தெற்கே குடிபெயர்ந்தோரால் அங்கும் பெருகியது. மாட்டெலும்பைப் பல மணி நேரம் கொதிக்கவைத்துச் சாறு எடுக்கப்படுகிறது. சுட்ட இஞ்சி, சுட்ட வெங்காயம், பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ ஆகியவை இதற்கு மணம் தருகின்றன. இவற்றுள் பெரும்பாலானவை பிரியாணியிலும் இடம்பெறுபவை. எனினும் ஃபோவில் இவை அரைக்கப்படாமல் முழுதாகவே இடப்பட்டு, பின் வடிகட்டப்படுவதால் சாறு தெளிவாக இருக்கும். கோழியிலும் ஃபோ செய்வதுண்டு.

பிற உணவுகள்

* பூன் - இடியாப்பத்தை ஒத்த அரிசி நூடுல்சு. இறைச்சியும் கீரைகளும் சேர்த்து உண்ணப்படும்.
* பான் செயோ - அரிசி மாவு, மஞ்சள், தேங்காய்ப்பால் ஆகியவற்றால் வார்க்கப்படும் மொறுமொறுப்பான அடை. மாவு சட்டியில் எழுப்பும் 'செயோ' என்னும் ஒலியே இதன் பெயராயிற்று.
* கான் சுவா - புளி, தக்காளி, அன்னாசிப்பழம், வெண்டைக்காய் சேர்ந்த மீன் சாறு. மேகோங் ஆற்றுப் பகுதிக்குரியது. புளிப்பில் தமிழரின் மீன் குழம்பை நினைவூட்டினாலும் இது நீர்த்தும் சற்று இனிப்பாகவும் இருக்கும்.
* பான் மி - பிரெஞ்சு ரொட்டியினுள் இறைச்சி, ஊறவைத்த காய்கறி, கொத்தமல்லித் தழை வைத்த உணவு.

உண்ணும் முறை

சிறிய வியட்நாமிய உணவகத்தில் சமைத்த உணவுடன் சமைக்காத கீரைத் தட்டு ஒன்றும் வைக்கப்படுகிறது. லெட்டூசு, புதினா, கொத்தமல்லி, துளசி வகைகள், முளைகட்டிய பயறு ஆகியன அதில் இருக்கும். இது அழகுக்காக வைக்கப்படுவதன்று. நெம்மை லெட்டூசு இலையில் புதினாவுடன் மடித்துத் தொடுசாற்றில் தோய்த்துக் கையால் உண்பர். எண்ணெயின் கனத்தைப் பச்சிலையும் புளிப்பும் குறைக்கின்றன.

ஃபோவைப் பொறுத்தவரை, முதலில் வெறும் சாற்றைச் சுவைத்துப் பார்த்தபின் எலுமிச்சை, மிளகாய், தழைகள் ஆகியவற்றை வேண்டிய அளவு சேர்ப்பது வழக்கம். நூடுல்சு உணவுக் குச்சிகளாலும் சாறு கரண்டியாலும் உண்ணப்படும். சுவையை இறுதியாக முடிவு செய்வது சமைப்பவர் அல்லர், உண்பவரே. பகிர்ந்து உண்ணும் கறி வகைகள் மேசை நடுவில் வைக்கப்படும். ஒவ்வொருவருக்கும் தனிக் கிண்ணத்தில் சோறு தரப்படும்.

தொடுசாற்றின் அடிப்படை 'நூக் மாம்' எனப்படும் மீன் சாறு ஆகும். ஏறத்தாழ மூன்று பங்கு நெத்திலிக்கு ஒரு பங்கு உப்பு எனச் சேர்த்துத் தொட்டியில் ஓராண்டளவு ஊறவைத்து இது பெறப்படுகிறது. எலுமிச்சைச் சாறு, சர்க்கரை, நீர், பூண்டு, மிளகாய் கலந்தால் தொடுசாறு கிடைக்கும். காய்கறி உணவுகளிலும் நூக் மாம் சேர்க்கப்படலாம் என்பதால் மரக்கறி உண்போர் முன்னரே கேட்டறிவது நன்று. வியட்நாமியப் பௌத்தர் பலர் சந்திர மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் மரக்கறி உணவே உண்பதால், 'சாய்' எனப்படும் தனி மரக்கறிச் சமையலும் அந்நாட்டில் வளர்ந்துள்ளது.

வியட்நாமில் இந்தியத் தாக்கம்

உணவின் பயணம் ஒருவழியாக அமையவில்லை. தென் வியட்நாமில் 'கா ரி' என்னும் கறி இன்றும் சமைக்கப்படுகிறது. கோழி அல்லது ஆட்டிறைச்சியுடன் கறித்தூள், தேங்காய்ப்பால், எலுமிச்சைப்புல், சர்க்கரைவள்ளிக் கிழங்கு ஆகியவை இதில் சேரும். இதனைப் பிரெஞ்சு ரொட்டியுடன் உண்பர். மஞ்சளும் கறித்தூளும் இந்தியாவை நினைவூட்ட, எலுமிச்சைப்புல் வியட்நாமுக்கு உரியதாகவும் ரொட்டி பிரான்சு விட்டுச் சென்றதாகவும் உள்ளது. புதுச்சேரியின் நெம்மும் சைகோனின் கா ரியும் ஒரே வரலாற்றின் இரு முனைகள் எனலாம்.

இன்றைய நிலை

புதுச்சேரியில் நெம் விருந்துகளிலும் சில உணவகங்களிலும் வழங்கப்படுகிறது. வீடுகளில் செய்து கொடுப்போரும் உள்ளனர். எனினும் 1954ஐ ஒட்டி வந்த தலைமுறையினர் பெரும்பாலும் மறைந்துவிட்டனர். பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற குடும்பங்களின் இளையோர் பலர் பிரான்சில் வாழ்கின்றனர். பெயர் பெற்ற நெம் எளிதில் அழியாது. ஆனால் கான் சுவா போன்ற அன்றாட வீட்டு உணவுகளின் பக்குவம் பெரும்பாலும் தாயிடமிருந்து மகளுக்கு வாய்மொழியாகவே சென்றது. அதைச் சமைப்போர் இல்லாத வீட்டில், சைகோனுடன் அக்குடும்பத்துக்கு இருந்த தொடர்பின் நினைவும் மங்கிவிடுகிறது.