எம்.டி.க்குப் பிறகு – 11: வலிக்கு ஒரு சீட்

அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் மெஷின் முன்னால் ஷிஃப்ட் முழுக்க நிற்பவரிடம் எங்கே வலி என்று கேட்டுப் பாருங்கள். இடுப்பில் கை வைத்து, பின்தொடை வழியாகக் குதிகால் வரை ஒரு கோடு இழுத்துக் காட்டுவார். அந்த எஸ்டேட் தொடங்கியது 1964-ல். ஆவடி டாங்க் தொழிற்சாலை அதற்கும் மூத்தது. இந்த வட்டாரத்தில் முதுகுவலிக்கு என்றைக்கும் பஞ்சமில்லை. வலிக்கென்றே படித்த டாக்டர்தான் அபூர்வம்.

தண்டலம், போரூர் பக்கத்துக் கல்லூரிகளில் மயக்கவியல் எம்.டி. படிப்பவர்களில் சிலருக்கு வலிச் சிகிச்சைத் துறை மீது ஒரு கண். காரணம் உண்டு. தியேட்டரில் மயக்க மருந்து கொடுத்தவரின் பெயர்கூட நோயாளிக்கு நினைவிருக்காது. வலி டாக்டருக்கோ சொந்தமாக ஓ.பி. இருக்கும். இத்துறையின் முன்னோடி ஜான் போனிகாவும் மயக்கவியல் டாக்டர்தான். முகமூடி போட்டு மல்யுத்தம் ஆடியவர். அதில் பட்ட அடிகளின் வலியைக் கடைசிவரை சுமந்தவர். வலிச் சிகிச்சை பற்றிய அவருடைய பெரிய நூல் 1953-ல் வந்தது.

சீட்டுதான் சொற்பம். லக்னோ எஸ்.ஜி.பி.ஜி.ஐ.யில் ஓராண்டு பி.டி.சி.சி., ரிஷிகேஷ் எய்ம்ஸில் டி.எம்., கொல்கத்தா சியால்டாவில் இ.எஸ்.ஐ.யின் வலி மேலாண்மை நிலையம் என்று ஊர் ஊராகத் தேட வேண்டும். எங்கும் ஒரு பேட்ச்சுக்கு விரல் விட்டு எண்ணும் அளவுதான்.

அதனால் மூன்றாம் வருடம் வரை காத்திருக்காதீர்கள். தீசிஸ் தலைப்பையே வலி சார்ந்து எடுங்கள். அல்ட்ராசவுண்ட் பார்த்து நரம்பு பிளாக் போடுவது கைக்குப் பழகட்டும். போட்டதையெல்லாம் லாக்புக்கில் ஏற்றுங்கள். இன்டர்வியூவில் கேள்வி அங்கிருந்துதான் கிளம்பும்.

சி-ஆர்ம் எக்ஸ்ரேயைச் சாய்த்துப் பார்த்தால் இடுப்பு முள்ளெலும்பு ஒரு குட்டி நாய் போலத் தெரியும். கண், காது, கழுத்து எல்லாம் உண்டு. நரம்பு வேருக்கு ஊசி போட அந்த 'கண்'ணுக்குக் கீழே குறி வைக்க வேண்டும். மருந்துக்கு முன் கொஞ்சம் டை செலுத்தி, அது ரத்தக் குழாயில் ஓடிவிடுகிறதா என்று பார்ப்பார்கள். ஈய ஏப்ரனில் வியர்த்தபடி பலமுறை செய்தால்தான் இது வசமாகும். சனி, ஞாயிறு வகுப்பில் சான்றிதழ் வாங்கி வந்து ஊசி எடுப்பவரிடம் என் முதுகைக் காட்ட மாட்டேன்.

'ஃபெல்லோஷிப்' என்ற பெயரில் விற்கப்படும் எல்லாமே தேசிய மருத்துவ ஆணையம் ஏற்கும் தகுதிகள் அல்ல. பணம் கட்டுமுன் அதைக் கேளுங்கள். என் கையால் எத்தனை சிகிச்சை செய்ய விடுவீர்கள் என்றும் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அடுத்த இடம் பாருங்கள்.

அம்பத்தூர், ஆவடித் தொழிலாளர்கள் பலரிடம் இ.எஸ்.ஐ. அட்டை இருக்கிறது. சியால்டாவில் செய்ததை அயனாவரத்திலோ கே.கே. நகரிலோ இ.எஸ்.ஐ. நிர்வாகம் செய்து காட்டட்டும். படிக்கப் பிள்ளைகள் தயாராக இருக்கிறார்கள்.