மரத்தின் வெடிப்பை அடைக்கும் முன்

பிழைப்பு நாடி மலையேறிய நம் மக்கள் உடன் கொண்டு வந்த பொருள்கள் சிலவே. அவற்றுள் நெடுநாள் நின்றவை மரப்பொருள்கள். தாய்வீட்டுச் சீதனமாக வந்த தேக்குப் பெட்டி, பிள்ளைக்குப் பின் பேரப்பிள்ளை உறங்கிய தொட்டில், அடுக்களையின் அரிவாள்மணை, விளக்கேற்றும் மாடம் ஆகியன பள்ளிவாசல், மூணாறு வட்டாரத்துத் தோட்டக் குடியிருப்புகளில் இன்றும் புழக்கத்தில் உள்ளன. லயத்து வீடு தோட்டத்துக்கு உரியது; பணி ஓய்வு பெற்றபின் அதனை ஒப்படைத்துவிட்டுப் புறப்பட வேண்டும். பெட்டியும் தொட்டிலுமோ நமக்கே உரியவை, நம்மோடு வருபவை. ஆதலின் அவற்றில் ஒரு வெடிப்பைக் கண்டால் மனம் வருந்துவது இயல்பே.

வருந்திய மனம் உடனே பசையைத் தேடுகிறது. கையில் கிடைத்ததை நிரப்பி, மேலே வண்ணம் பூசி மறைத்துவிடுகிறோம். அடுத்த மழைக்காலத்தில் அடைத்த இடம் பிதுங்குகிறது. அல்லது பக்கத்திலேயே புதிய பிளவு ஒன்று தோன்றுகிறது. அடைக்க வேண்டிய வெடிப்பு ஒன்று. அடைக்கக் கூடாத இடைவெளி மற்றொன்று. இவ்விரண்டையும் பிரித்தறிவதே இத்தொழிலின் முதற்பாடம்.

வெடிப்புத் தோன்றுவது ஏன்?

மரம் வெட்டுண்டு பலகையான பின்னும் காற்றின் ஈரத்தோடு கொண்ட உறவை விடுவதில்லை. காற்றில் ஈரம் மிகுந்தால் அதனை உறிஞ்சிப் பருக்கிறது; காற்று உலர்ந்தால் ஈரத்தைவிட்டுச் சுருங்குகிறது. நீளவாட்டில் இம்மாற்றம் மிகச் சிறிது, அகலவாட்டில்தான் பெரிது. அகலவாட்டிலும் எல்லாத் திசைகளும் ஒத்தவை அல்ல. அடக்கமான மரம் என்று பெயர் பெற்ற தேக்கே, பச்சை நிலையிலிருந்து முற்றும் உலரும்போது, ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் நூற்றுக்கு 6 பங்கிற்குச் சற்றுக் குறைவாகவும், நடுத்தண்டிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் ஏறத்தாழ 2.5 பங்கும் சுருங்குகிறது. ஒரு திசை மிகுதியாகவும் மற்றொன்று குறைவாகவும் சுருங்கும்போது மரம் தன்னைத் தானே இழுத்துக்கொள்கிறது. அந்த இழுப்புக்குத் தாளாத இடத்தில் வெடிக்கிறது. பலகையின் முனைகள் விரைந்து உலர்வதால் வெடிப்புப் பெரும்பாலும் முனையில் தொடங்குகிறது.

இதனை ஒரு கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். 30 செண்டிமீட்டர் அகலமுள்ள தேக்குப் பலகையில் ஈரம் நூற்றுக்கு 6 பங்கு ஏறி இறங்குமாயின், பலகை அறுபட்ட விதத்தைப் பொறுத்து அதன் அகலம் மூன்றரை மில்லிமீட்டர் வரை கூடிக் குறையலாம். பெட்டியின் மூடி இறுகுவதற்கும் கதவு நிலையில் சிக்குவதற்கும் அதுவே போதும்.

மலைநாட்டின் ஈரம்

திருநெல்வேலி, இராமநாதபுரம் போன்ற வறண்ட மாவட்டங்களில் செய்த பெட்டி, அந்தக் காற்றுக்கு ஏற்ப உலர்ந்து அமைந்தது. பள்ளிவாசலின் காற்று வேறு. சூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அது ஓய்ந்தபின் வடகிழக்குப் பருவத்தின் மழை. பின்னர் சனவரி, பிப்ரவரியில் உலர்ந்த குளிர். முதிரப்புழையின் நீரைக்கொண்டு 1940-இல் இங்கே மின்னிலையம் இயங்கத் தொடங்கியதும், இம்மலைச் சரிவுகளில் தேயிலை தழைப்பதும் இந்த மழையின் கொடையே. ஆயினும் பயிருக்கு உணவான ஈரம் பலகைக்குச் சோதனையாகிறது. வீட்டினுள் விறகடுப்பு எரியுமானால், பலகையின் ஒரு முகம் அனலிலும் மறுமுகம் ஈரச்சுவரிலும் இருந்து அல்லற்படுகிறது.

இங்கேயே கிடைக்கும் மரங்களிலும் கவனம் வேண்டும். தேயிலைக்கு நிழல் தரும் சில்வர் ஓக், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். அழகிய பூவேலை கொண்டது. விறகுக்கென வளர்க்கப்பெற்ற கிராண்டிஸ் என்னும் யூகலிப்டசு வகையோ உலரும்போது மிகுதியாகச் சுருங்கி வெடிக்கும் இயல்புடையது. நன்கு உலராத பலகையில் எந்த அடைப்பும் நிலைக்காது.

அசையும் இடைவெளி

வெடிப்பைக் கண்டவுடன் அதற்குக் குறுக்கே, இரு கரைகளிலும் பென்சிலால் ஒவ்வொரு புள்ளி வைத்து, இடைத் தூரத்தை அளந்து எழுதி வையுங்கள். சூலையில் ஒருமுறை, சனவரியில் ஒருமுறை அளந்து பாருங்கள். அளவு மாறினால் அது அசையும் இடைவெளி. மாறாதிருந்தால் ஓய்ந்த வெடிப்பு.

அசையும் இடைவெளியைக் கோடையில் கெட்டியான பசையால் நிரப்பினால், மழையில் பருக்கும் மரத்துக்கு இடமின்றிப் போகும். அடைப்பு வெளியேறும், அல்லது பலகை வேறிடத்தில் பிளக்கும். மழையில் நிரப்பினாலோ, கோடையில் அடைப்பின் ஓரத்தில் மீண்டும் கீற்று விழும். நம் தச்சர்கள் இதனை நன்கறிந்தவர்கள். சட்டக் கதவின் நடுப்பலகையை அவர்கள் சட்டத்தோடு ஒட்டுவதில்லை. காடி வெட்டி அதனுள் தளர்வாக நிறுத்துகின்றனர். பலகை காடிக்குள் பருத்துச் சுருங்க, கதவு கெடாமல் நிற்கிறது. அந்தக் காடி இடைவெளியைப் பிழையென்று எண்ணிப் பசையிட்டு அடைப்பவர், தச்சர் வைத்த காப்பையே அழிப்பவராவார்.

காற்றும் சாரலும் புகும் இடைவெளியை அடைத்தே ஆகவேண்டுமெனில், வளைந்து கொடுக்கும் பொருளால் அடைக்க வேண்டும். கம்பளித் துண்டு, துணிப்பட்டை, மெழுகிட்ட கயிறு ஆகியன இதற்கு உதவும். கேரளத்தின் கெட்டுவள்ளங்கள் இதற்கு நல்ல சான்று. ஆணியின்றிப் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்து, இடுக்குகளில் நாரைத் திணித்து, நீருக்கு இறங்காத பூச்சிட்டு அவற்றைச் செய்கின்றனர். நார் அமுங்கியும் விரிந்தும் மரத்தோடு ஒத்துப்போகிறது.

வெடிப்பை மறைக்கவே வேண்டும் என்பதும் விதியன்று. புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதி 1930-களின் பிற்பகுதியில் எழுந்தபோது அப்பணியில் ஈடுபட்டவர் சார்ச்சு நகாசிமா. பின்னர் அமெரிக்காவில் புகழ்பெற்ற மரக்கலைஞரான அவர், பலகையின் வெடிப்பை நிரப்பாமல் விட்டு, அது மேலும் விரியாதபடி பட்டாம்பூச்சி வடிவான மரத்துண்டைக் குறுக்கே பதித்தார். வெடிப்பும் மரத்தின் அழகில் ஒரு பகுதியே என்பது அவர் கொள்கை.

ஓய்ந்த வெடிப்பு

ஓய்ந்த வெடிப்பை அதன் அளவு நோக்கி அடைக்கலாம்.

மயிரிழைக் கீற்றுக்குத் தேன்மெழுகே போதும். அதனை இளக்கித் தேய்த்து, மிகுதியைத் துணியால் துடைத்துவிடலாம்.

ஒன்று இரண்டு மில்லிமீட்டர் வெடிப்புக்கு மரத்தூள் சிறந்தது. அதே மரத்தை உப்புத்தாளால் தேய்த்தெடுத்த நுண்ணிய தூளை வெள்ளைப் பசையில் குழைத்து, வெடிப்பில் ஆழமாக அழுத்தி, சற்று மேடாகவே விட்டு, உலர்ந்தபின் தேய்க்க வேண்டும். பசை கலந்த இடம் மரத்தைவிடக் கருத்துத் தோன்றும். சாயத்தையும் நன்கு ஏற்பதில்லை. ஆதலின் முதலில் ஒரு கழிவுத் துண்டில் செய்து பார்ப்பது நலம். வண்ணம் பூசப்போகும் பலகையாயின், சீமைச் சுண்ணாம்புத் தூளை ஆளிவிதை எண்ணெயில் பிசைந்த மக்கும் போதுமானது.

அதனினும் அகன்ற பிளவுக்குப் பசையைக் கொட்டி நிரப்புவது வீண். அதே வகை மரத்தில் மெல்லிய ஆப்பு ஒன்றை இழைத்து, அதன் நார் பலகையின் நாரோடு ஒரே திசையில் ஓடுமாறு வைத்து, பசையிட்டுச் செருக வேண்டும். அடித்து இறுக்கினால் அந்த ஆப்பே பிளவை வளர்க்கும். கைவிரலால் அழுத்திப் பொருத்துவதே முறை. உலர்ந்தபின் இழைப்புளியால் சமன் செய்யலாம். முனை சிதைந்து பலம் குறைந்த இடத்துக்கு எபாக்சிப் பிசின் ஏற்றது.

மறவாத எச்சரிக்கைகள்

சிறு துளைகளிலிருந்து புதிதாக மாவு உதிர்ந்தால் உள்ளே பூச்சி உயிரோடிருக்கிறது. மருந்திட்டு அதனை ஒழித்த பின்னரே துளையை அடைக்க வேண்டும்.

உணவு படும் அரிவாள்மணை, காய் நறுக்கும் பலகை ஆகியவற்றில் கடைப்பசைகளை நிரப்பாதீர்கள். பிளவு ஆழமாகி அழுக்குத் தங்குமாயின், அப்பலகையை மாற்றுவதே நன்று.

தொட்டிலைப் பழுது பார்க்கும்போது பழைய வண்ணத்தை உலர்வாகத் தேய்த்தல் ஆகாது. வீட்டு வண்ணங்களில் ஈயத்தின் அளவைப் பத்து இலட்சத்துக்கு 90 பங்கிற்குள் கட்டுப்படுத்தும் விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முற்பட்ட பூச்சில் ஈயம் இருக்கலாம். அதன் தூசி குழந்தைகளுக்குப் பெருங்கேடு.

ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். உலரும்போது தானே வெப்பம் மிகுந்து தீப்பற்றக் கூடும். விரித்து வெளியில் உலர்த்துங்கள்.

இத்தனை முறைகளிலும் செலவு மிகுந்தது ஒன்றும் இல்லை, பொறுமைதான் விலை. ஒரு மழையும் ஒரு கோடையும் காத்திருந்து அளப்பவர், தச்சரிடம் போகும்போது இன்னது வேண்டும் என்று தெளிவாகச் சொல்ல வல்லவராவார். மலையில் உழைத்துச் சேர்த்த சிறு உடைமைகள், மலையிறங்கும் நாளில் கெடாமல் நம்மோடு வரவேண்டும். அடுத்த தலைமுறைப் பிள்ளையும் அதே தொட்டிலில் உறங்க வேண்டும். அதற்கு இப்பொறுமை தகும்.