கடல் கடந்து சில வாரங்கள்

கச்சான் காற்று வீசத் தொடங்கிவிட்டால் பொத்துவிலுக்குத் தெற்கே உல்லைக் கடற்கரையின் முகமே மாறிவிடும். ஏப்ரல் கழிந்து ஒக்டோபர் வரும் வரையில், அறுகம்பை அலைகளில் பலகையேறி விளையாடுவதற்கென்றே உலகின் பல மூலைகளிலிருந்தும் இளைஞர்கள் வந்து குவிகின்றனர். அவர்களிற் பல்கலைக்கழக மாணவர் பலர். ஐரோப்பாவில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நீண்ட கோடை விடுமுறை. வீட்டிலிருந்தபடியே இணையவழியில் அனுமதி பெற்று, முதுகுப் பையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டுவிடுகிறார்கள்.

இவர்களைப் பார்த்து வளரும் நம் வீட்டுப் பிள்ளை ஒருநாள், "வாப்பா, நானும் அங்கே போய் ஒரு மாதமாவது படித்து வரட்டுமா?" என்று கேட்டால் என்ன விடை சொல்வது? மகனே கேட்டாலும் வீட்டில் யோசனை பிறக்கும். மகள் கேட்டால் சொல்ல வேண்டுவதில்லை.

ஆசையில் தவறில்லை. அதற்கு நூறாண்டு கடந்த வரலாறும் உண்டு. முதலாம் உலகப் போரிற் பணியாற்றித் திரும்பிய ரேமண்ட் கிர்க்பிரைட் என்னும் அமெரிக்கப் பேராசிரியர், 1923ஆம் ஆண்டில் டெலவெயர் பல்கலைக்கழக மாணவர் எண்மரைக் கப்பலேற்றிப் பிரான்சுக்கு அழைத்துச் சென்றார். அந்தக் கோடையில் நான்சி நகரில் மொழி பயின்று, பின்னர் பாரிசிற் பாடங்களைத் தொடர்ந்தனர். இரண்டாம் போர் ஓய்ந்ததும், 1947இல் நோர்வேயின் ஒஸ்லோ பல்கலைக்கழகம் ஆறு வாரக் கோடைப் பள்ளியொன்றை ஆரம்பித்தது. போர் முடிந்து ஈராண்டே ஆன அந்தச் சூழலை நினைத்தால், இது வெறும் விடுமுறைப் பொழுதுபோக்காகத் தோன்றவில்லையென்பது விளங்கும். ஐரோப்பிய நாடுகளின் 'எராஸ்முஸ்' திட்டம் 1987இல் பதினொரு நாடுகளின் 3,244 மாணவருடன் பிறந்து, பிற்காலத்தில் ஐரோப்பாவுக்கு அப்பாலும் கை நீட்டியது. 2021 முதல் ஐந்து நாள் தொடக்கம் முப்பது நாள் வரையான குறுகிய பயணத்துக்கும் அதில் இடமுண்டு.

நம் பக்கம் என்ன இருக்கிறது? 1995ஆம் ஆண்டில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டதனால், பொத்துவிலிலிருந்து ஏறத்தாழ ஐம்பது கிலோமீற்றர் தொலைவில், ஒலுவிலிலேயே பட்டம் பெறும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. அதற்கு முன் கண்டிக்கோ கொழும்புக்கோ பிள்ளையை அனுப்பிவிட்டு வழி பார்த்திருந்த உம்மாமாரைக் கேட்டால், அந்த ஐம்பது கிலோமீற்றரின் அருமையைச் சொல்வார்கள். இன்று ஒலுவில் மாணவிக்கும் பேராதனை மாணவனுக்கும் திறந்துள்ள கதவுகள் பெரும்பாலும் ஒன்றே. யப்பானிய அரசின் அறிவியல் தொழில்நுட்ப முகமை 2014இல் தொடங்கிய 'சக்குரா' திட்டம், ஆசிய இளைஞரைச் சில நாட்கள் முதல் மூன்று வாரங்கள் வரை ஆய்வுகூடங்களுக்கு அழைத்து, விமானச் செலவையும் தானே ஏற்பது. ஆனால் இதற்குத் தனியாள் விண்ணப்பிக்க முடியாது. அங்குள்ள நிறுவனம் இங்குள்ள நிறுவனத்தோடு தொடர்பு கொண்டு ஏற்பாடு செய்ய வேண்டும். ஆகவே முதலில் நாட வேண்டியவர் நமது விரிவுரையாளரே. ஜேர்மன் மொழியில் ஓரளவு தேர்ந்தவர்க்கு அந்நாட்டின் கல்விப் பரிமாற்றச் சேவை கோடை வகுப்புக்கான உதவிப்பணம் வழங்கி வந்துள்ளது. ஒஸ்லோவும் வளர்முக நாட்டவர் சிலருக்குப் புலமைப்பரிசில் கொடுத்து வந்துள்ளது.

இனிப் பணத்துக்கு வருவோம். வீட்டில் சச்சரவு தொடங்கும் இடமும் இதுதான். புலமைப்பரிசில் இல்லாமற் சொந்தச் செலவிற் செல்லும் கோடைப் படிப்பு, நடுத்தரக் குடும்பத்துக்கு ஒரு போக வேளாண்மையை விழுங்கிவிடக் கூடியது. 2022ஆம் ஆண்டில் நமது ரூபா, டொலர் ஒன்றுக்கு இருநூறு என்ற நிலையிலிருந்து சில வாரங்களில் முந்நூற்றறுபதளவுக்குச் சரிந்ததை மறந்திருக்க மாட்டோம். வெளிநாட்டு நாணயத்திற் கட்டணம் பேசியிருந்தவர் அன்று பட்ட பாடு கொஞ்சமன்று. ஐரோப்பிய ஷெங்கன் விசாவுக்கு 2024 ஜூன் முதல் கட்டணம் 90 யூரோ. மறுக்கப்பட்டாலும் அது திரும்பாது. குறைந்தது 30,000 யூரோ வரை ஈடுசெய்யும் பயணக் காப்புறுதி வேண்டும். வங்கிக் கணக்கு காட்ட வேண்டும். கைவிரல் அடையாளம் பதிய நேரிற் செல்ல வேண்டும். பொத்துவிலிலிருந்து கொழும்பு முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். அங்கிருந்து உல்லைக்கு வருபவனுக்கு இத்தொல்லை இல்லை. இங்கிருந்து போகிறவனுக்கே எல்லாம். இந்த ஓரவஞ்சனையை நாம் ஒப்புக்கொள்ள முடியாது. ஆயினும் தெரிந்துகொள்ளாமல் இருப்பது அதைவிடக் கேடு.

நகையை அடகு வைத்தோ காணியை ஈடு வைத்தோ மூன்று வாரப் படிப்புக்கு அனுப்புவதை நாம் ஆதரிக்கவில்லை. "கோடைப் படிப்பென்று போனால் அங்கேயே தங்கிவிடலாம்" என்று ஆசை காட்டும் தரகர் எவராயினும் அவரிடமிருந்து விலகிக்கொள்க. குறுகிய கால ஷெங்கன் விசாவில் 180 நாட்களுள் 90 நாளுக்கு மேல் தங்க இயலாது. மீறுபவர் தம் அடுத்த பயணத்தையும் தாமே அடைத்துக்கொள்கிறார்.

மகளை அனுப்புவதா என்ற கேள்விக்கு வருவோம். தனியே ஊர் சுற்றுவதும், பல்கலைக்கழக விடுதியில் ஒரு குழுவோடு தங்கிப் படிப்பதும் ஒன்றல்ல. பெண்களுக்குத் தனி விடுதியுண்டா, ஹலால் உணவு கிடைக்குமா, இரவில் அழைக்கத்தக்க பொறுப்பாளர் யார் என்பவற்றை எழுதிக் கேட்டால் நல்ல நிறுவனம் எழுதியே விடை தரும். விடை தராத இடத்துக்கு மகனையும் அனுப்ப வேண்டாம். ஒஸ்லோவில் ஜூன் மாதப் பகல் பத்தொன்பது மணி நேரத்துக்குச் சற்றே குறைவு; இஷாத் தொழுகைக்கு எவ்வளவு நேரம் விழித்திருக்க வேண்டுமென்பதை அங்குள்ள பள்ளிவாசலின் நேர அட்டவணையைப் பார்த்து அறிந்து செல்வது நலம்.

படிப்பின் பெறுமதியையும் முன்கூட்டியே உறுதி செய்ய வேண்டும். ஐரோப்பிய முறையில் ஓராண்டுப் படிப்புக்கு அறுபது புள்ளிகள். கோடை வகுப்பிற் கிடைப்பது அதில் மிகச் சிறு பங்கு. அதை நமது பல்கலைக்கழகம் கணக்கிற் சேர்க்குமா என்று புறப்படுமுன் பீடத்தில் எழுத்திற் பெற்றுக்கொள்ள வேண்டும். அவர்களுடைய கோடை நமது விடுமுறையன்று. பரீட்சை குறுக்கே வந்து நிற்கவும் கூடும்.

இத்தனை தொல்லைக்கு என்ன பயனென்றால், புள்ளிகளைப் பெரிதாகச் சொல்ல மாட்டோம். சபையில் எழுந்து ஆசிரியரை மறுத்துக் கேள்வி கேட்கும் பழக்கம், பிறநாட்டு மாணவரோடு ஒரே மேசையில் வேலை செய்யும் துணிவு, மேற்படிப்புக்கு நாளை கடிதம் எழுதத்தக்க ஒரு பேராசிரியரின் அறிமுகம் — இம்மூன்றும் சில வாரங்களிற் கிடைக்கக்கூடியவையே. மொழியை முழுதாகக் கற்றுவிடலாமென்று நம்பிச் செல்பவர் ஏமாறுவர்.

போக எண்ணுவோர் இப்போதே செய்யக்கூடிய வேலை ஒன்றுண்டு. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பல்கலைக்கழகப் பதிவு மூன்றையும் பக்கத்திற் பக்கம் வைத்துப் பாருங்கள். ஒன்றில் முகம்மது, மற்றொன்றில் முஹம்மத். வாப்பாவின் பெயரில் ஒன்றில் லெப்பை உண்டு, மற்றொன்றில் இல்லை. நம் பகுதியில் இது சாதாரணம். விசா அதிகாரிக்கு அது வேறு ஆள். வேற்றுமை இருந்தால் பிரதேச செயலகத்திற் திருத்த விண்ணப்பிக்க வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். அழைப்புக் கடிதம் வந்தபின் தொடங்கினால், கடிதம் கையிலிருக்க அங்கே கோடை முடிந்துவிடும்.